ரொட்டிப் பலகை

வாங்குவதற்கு முன்
ஒரு வாரம் ஒத்திகை பார்ப்போம் என்றாள் ஜின்த்ரா.
ரொட்டி வெட்டும் பலகையைத் துடைத்து
மாவு ஜாடியில் சாய்த்து நிறுத்தினாள்.
"இதுதான் டேப்லெட்.
பத்து அங்குலம். அளந்துவிட்டேன்."

லியபாயாவில் அது அக்டோபர்.
டிராம் கம்பிகளைக் காற்று பிடித்து உலுக்கும்.
துறைமுகத்துப் பாரந்தூக்கியிலிருந்து இறங்கி
காதெல்லாம் விறைத்துப்போய் வீடு வந்தால்
அடுப்படியில் அந்தப் பலகை
என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மடிக்கணினி ஒன்று இருக்கிறது எங்களிடம்.
பதினோரு வயது.
பேட்டரி செத்ததிலிருந்து சுவரை விட்டு நகராது.
ஒரேயொரு எழுத்துக்கான பொத்தான் உதிர்ந்துவிட்டது,
எங்கள் குடும்பப் பெயரில்
அந்த எழுத்து இரண்டு முறை வரும்.
ஆளுக்கொரு போனும் இருக்கிறது.
இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது எதற்கு
என்பது என் கட்சி.
நடுவில்தானே நாம் குடியிருக்கிறோம்
என்பது அவள் கட்சி.

முதல் நாள்
பலகையைப் பார்த்துப் பார்த்துக் காளான் குழம்பு வைத்தாள்.
மாவு ஒட்டிய விரலால் அதைத் தள்ளித் தள்ளி
"அடுத்தது புளித்த பாலேடு" என்று வாசித்தாள்.
மறுநாள் மின்கட்டணமும் கட்டினாள் அதில்.
ரசீது எங்கே என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
வியாழனன்று
நானே கேட்டுவிட்டேன் பலகையிடம்,
"நாளைக்குக் காற்று எப்படி?"

கடைக்கும் போனோம்.
ரய்னர்ஸ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
மலிவானதைக் காட்டினான், தொட்டால் யோசித்து நகர்ந்தது.
விலை கூடியதைக் காட்டினான், தொடுமுன்பே நகர்ந்தது.
உறை தனி. பேனா தனி.
யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா
என்ற கணக்கில் பார்த்தான் என்னை.
பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:
"எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்?"

நாற்பது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றில் விரற்கடை பிசகாமல் இறக்குகிறவன் நான்.
அந்தக் கேள்வியை எங்கே இறக்குவதென்று தெரியவில்லை.
"வீட்டுக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்னேசே அழைத்தாள், கார்க்கிலிருந்து.
எப்போதும் நான்தான் போனைப் பிடிப்பேன்,
கட்டைவிரல் அளவு மகளை
தலையும் தலையும் இடிக்க நாங்கள் பார்ப்போம்.
அன்று ஜின்த்ரா போனைப் பிடுங்கிப்
பலகையில் சாய்த்து வைத்தாள்.
"டேப்லெட் இப்படித்தான் நிற்கும், பழகிக்கொள்."
இருவரும் நாற்காலியில் நன்றாகப் பின்னால் உட்கார்ந்தோம்,
கை நான்கும் சும்மா இருந்தன.

"அட, அடுப்படி முழுக்கத் தெரிகிறதே" என்றாள் மகள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்பா, இடது கையில் என்ன கட்டு?"

மூன்று வாரக் கட்டு அது.
மூன்று ஞாயிறும்
படத்துக்கு வெளியே வைத்திருந்த கை.

சின்னச் சறுக்கல் என்றேன், ஈரக் கம்பிவடம் என்றேன்.
நம்பினாளா தெரியவில்லை.
அந்த அளவு முகத்தில் அதெல்லாம் தெரியாது.
கட்டைவிரல் அளவில்
அவள் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறாள்.
"நீ எப்படி இருக்கிறாய்?"
"நன்றாக இருக்கிறேன்."
நான்கு வருடமாக இதே பதில்,
நான்கு வருடமாக இதே அளவு.

இரவு தூக்கம் வரவில்லை.
அடுப்படிக்குப் போய், விளக்குப் போடாமல்,
பலகையை ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்த்தேன்.
கத்தித் தழும்புகள். ஒரு ரொட்டித்துகள்.
பத்து அங்குலம்
நிறைய இடம்தான் ஒரு முகத்துக்கு.
கண்ணுக்குக் கீழே இருப்பதும் வந்துவிடும்.

காலையில் ஜின்த்ரா
பலகையைப் படுக்கப் போட்டுக் கம்பு ரொட்டி வெட்டினாள்.
"ஒத்திகை முடிந்தது. எனக்கு எப்படியும் சரி" என்றாள்.
"வேண்டாமென்றால் வேண்டாம்."

பூட்ஸ் கயிற்றை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டே சொன்னேன்:
மலிவானது வேண்டாம்.
திரை தெளிவாக இருக்கிறதா
என்று மட்டும் கேள், அந்தப் பையனிடம்.

அவள் வெட்டுவதை நிறுத்தினாள்.
எதற்கு என்று கேட்கவில்லை.